அறுந்து விழுந்த ஈயக்குண்டு

கேள்வி: ஐயா, நான் சைதாப்பேட்டையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூண்டிலோடு கிளம்பிவிடுவேன். பெரும்பாலும் பட்டினப்பாக்கம் பக்கம் அடையாறு கடலில் சேருகிற இடம். சில வாரம் முட்டுக்காடு. ஒன்பது வயது மகனும் கூட வருவான். கல்லிலும் பழைய வலையிலும் சிக்கி வாரத்துக்கு நாலு ஈயக்குண்டாவது அறுந்துபோகும், ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிராம் இருக்கும். கடையில் வாங்கினால் கட்டுப்படி ஆகவில்லை. அதனால் டயர் கடையில் கிடைக்கிற பழைய ஈயத்தை மொட்டை மாடியில் ஒரு தாளிப்புக் கரண்டியில் உருக்கி, ஈர மணலில் நானே வார்த்துக்கொள்கிறேன். சிறு குண்டுகளைத் தூண்டில் நரம்பில் ஏற்றி மகன் பல்லால் கடித்து இறுக்கித் தருவான். போன வாரம் பறவை பார்க்க வந்த ஒரு பெண், “நீங்க ஆத்துல விஷத்தைப் போட்டுட்டுப் போறீங்க” என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து மனசு சரியில்லை. அடையாறு இருக்கிற இருப்பில் என் நாலு குண்டுதான் அதைக் கெடுக்கப்போகிறதா? அங்கே பிடிக்கிற மீனைச் சாப்பிடலாமா? ஈயம் அவ்வளவு கெடுதல் என்றால், என் அம்மா இத்தனை வருஷமாக ஈயச் சொம்பில்தானே ரசம் வைக்கிறார்? வீட்டில் இரண்டு வயது மகளும் இருக்கிறாள். விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஆற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறேன், தவறாக நினைக்காதீர்கள். தண்ணீரிலும் சேற்றிலும் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் பல வருடமாக என் வேலை. கடிதத்தின் நடுவில், மகன் பல்லால் கடித்து இறுக்கித் தருவான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் கையிலிருந்த மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பழக்கம் இன்றோடு நிற்கட்டும். மாடியில் உருக்குவதும் இன்றோடு நிற்கட்டும். ஆறு எங்கேயும் போய்விடாது, அதைப் பற்றி நிறையவே பேசலாம்.

ஈயம் மெத்தென்ற உலோகம். நகத்தால் கீறினாலே கோடு விழும். பல்லால் கடித்தால் கண்ணுக்குத் தெரியாத துகள் எச்சிலோடு உள்ளே போகும். பெரியவர்கள் விழுங்குகிற ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். சிறு குழந்தைக்கு அது கிட்டத்தட்ட பாதி. வயிறு காலியாக இருந்தாலும், உடம்பில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக இருந்தாலும் இன்னும் கூடும். இரத்தத்தில் சேர்ந்த ஈயத்தில் பாதி குறைய ஒரு மாதம் போல ஆகும். எலும்புக்குள் போய்விட்டாலோ பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கும், ஏனென்றால் உடம்பு அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து வாங்கி வைத்துக்கொள்கிறது. குழந்தையின் மூளை வளர்கிற வயதில் அது செய்கிற கெடுதல், படிப்பிலும் கவனத்திலும் நடத்தையிலும் தெரியும். இதற்குக் கீழே போனால் பயமில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

இப்போது மாடிக்கு வருவோம். ஈயம் உருகுவதற்கு 327 டிகிரி போதும், எந்த அடுப்பும் அதைத் தாண்டிவிடும். உருகின ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஆடை கட்டுமே, அதைக் கரண்டியால் ஒதுக்கித் தள்ளுவீர்களே, அது ஈய ஆக்சைடு. காய்ந்ததும் பொடியாகிவிடும். மாடித் தரையில், சுவரோரத்தில், உங்கள் சட்டையில், செருப்பில் எல்லாம் ஒட்டும். அடுப்பு அதிகம் சூடேறினால் ஈயமே ஆவியாகி, குளிர்ந்து, இன்னும் மெல்லிய தூசியாக இறங்கும். அந்தச் செருப்போடுதான் வீட்டுக்குள் வருகிறீர்கள். இரண்டு வயதுக் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்காமல் இருக்குமா? அப்புறம் இன்னொன்று: அம்மா அதே மாடியில் வடகம், வற்றல் காயப்போடுகிறாரா? துணி உலர்த்துவதும் அங்கேதானே? உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனால் சென்னையில் மொட்டை மாடி என்றால் இவையெல்லாம் இருக்கும்.

ஈர மணலில் வார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உருகிய ஈயம் தண்ணீரின் மேல் விழுந்தால் அந்த நீர் நொடியில் ஆவியாகி வெடிக்கும், ஈயத்தை மேலே தெறிக்கவிடும். இதுவரை முகத்தில் படாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம்.

இது நான் மிகைப்படுத்திச் சொல்வது இல்லை. பசிபிக் கடலில் மைக்ரோனேசியா என்ற தீவு நாட்டில் சூக் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே பழைய பேட்டரியை உருக்கி மீன்பிடிக் குண்டு வார்க்கிற வழக்கம் உண்டு. அங்கே பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது ஈயம் கூடுதலாக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள் இந்த உருக்கு வேலையில்தான் வந்து நின்றார்கள். உங்களுக்கு டயர் கடை ஈயம் கிடைக்காத வாரத்தில் யாராவது பேட்டரித் தகட்டை உடைத்துத் தருகிறேன் என்றால் வாங்கவே வாங்காதீர்கள். அதில் ஒட்டியிருப்பதே பொடியான ஈய உப்புகள்தான், உருக்குவதற்கு முன்பே கையில் வந்துவிடும்.

இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாடியை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், தூசி எழும்பும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். ஒருமுறை துடைத்த துணியை அலசி மறுபடி பயன்படுத்த வேண்டாம், பையில் கட்டி ஒதுக்கிவிடுங்கள். குழந்தைகள் அந்த நேரத்தில் மேலே வரக் கூடாது. அந்தத் தாளிப்புக் கரண்டி எந்தக் காரணத்துக்காகவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கொரோனா காலத்தில் பழகிய சானிடைசர் இதற்கு உதவாது, அது கிருமியைக் கொல்லும், உலோகத்தை அகற்றாது. ஆற்றங்கரையில் இட்லிப் பொட்டலம் பிரிப்பதற்கு முன்னாலும் இதே விதிதான். ஒரு பாட்டில் தண்ணீரும் துண்டு சோப்பும் பையில் இருக்கட்டும்.

அடுத்து, இரண்டு பிள்ளைகளையும் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப்போய், இரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பல்லால் கடித்ததையும் மாடியில் உருக்கியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய ஈயமும் கணக்கில் சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும், கையில் இரத்தக் குழாயிலிருந்து (சிரை) எடுப்பதே சரி. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமை எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 5 வந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. உங்கள் வீட்டில் எங்கிருந்து என்பது தெரிந்துவிட்டது, அதனால் எண் கொஞ்சம் ஏறியிருந்தாலும் கலங்க வேண்டாம். வரத்து நின்றால் மெல்ல இறங்கும். ஈயத்தை வெளியேற்றுகிற மருந்தெல்லாம் எண் 45ஐத் தொட்டால் மருத்துவர் பார்த்து முடிவு செய்வது. யாராவது நச்சு நீக்குகிறேன் என்று சூரணம், பொடி என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கேழ்வரகும் முருங்கைக் கீரையும் பாலும் வேளைக்குச் சாப்பாடும் போதும், சுண்ணாம்பும் இரும்பும் நிறைந்த உடம்பு ஈயத்தைக் குறைவாகவே உள்ளே விடும்.

சரி, அம்மாவின் ரசச் சொம்பு. இது நம் மொழி செய்கிற குழப்பம். நாம் ஈயம் என்று ஒரே சொல்லால் இரண்டு உலோகத்தைச் சொல்கிறோம். ஒன்று வெள்ளீயம், மற்றது காரீயம். ஈயச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயம். உங்கள் தூண்டிலில் தொங்குவது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். வெள்ளீயத்தில் ரசம் வைத்து நம் பாட்டிமார்கள் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் வாங்கும் சொம்பு முழுக்க வெள்ளீயம்தானா என்பது தனிக் கேள்வி. காரீயம் கலந்திருந்தால் புளித் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அதைக் கரைத்து எடுக்கும். கையில் தூக்கினால் அளவுக்கு மீறி கனக்கிற சொம்பும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலக் கருங்கோடு விடுகிற சொம்பும் சந்தேகத்துக்குரியவை. கோடு விழாவிட்டால் நல்லது என்று அர்த்தமாகிவிடாது, உலோகம் சோதிக்கிற ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் உறுதி. அது வரும்வரை எவர்சில்வரிலேயே ரசம் கொதிக்கட்டும் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இனி ஆறு.

வாரம் நாலு குண்டு, ஒன்று இருபத்தைந்து கிராம். வருடத்தில் ஐம்பது ஞாயிறு போகிறீர்கள் என்றால் ஐந்து கிலோ ஈயம். ஈயம் அடர்த்தியான பொருள் என்பதால் அந்த ஐந்து கிலோவும் ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டுக்குள் அடங்கிவிடும். பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுத் தரக் கட்டுப்பாடு. அந்தக் கணக்கில், ஒரே ஒரு கிராம் ஈயம் முழுக்கக் கரைந்தால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். நம் தெருவுக்கு வருகிற பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் எட்டு லாரித் தண்ணீர். அறுந்த ஒரு குண்டில் இருபத்தைந்து கிராம்.

இதைக் கேட்டு அடையாற்றுத் தண்ணீரே நஞ்சாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஈயம் அப்படி ஒரே நாளில் கரைகிற பொருள் இல்லை. கரையில் கிடந்த பழைய குண்டு ஒன்றை எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? என் மேசையில் ஒன்று இருக்கிறது, கழிமுக மணலில் பொறுக்கியது. புதுக் குண்டின் நீலம் கலந்த பளபளப்பு அதில் இல்லை. மேலெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல ஒரு வெள்ளைப் பூச்சு. கையுறையோடு தேய்த்தால் விரலில் மாவு போல வரும், கீழே குண்டு குழி விழுந்து சொரசொரப்பாக இருக்கும். அந்த வெள்ளை, ஈயக் கார்பனேட். தண்ணீரும் காற்றும் சேர்ந்து ஈயத்தின் மேல் கட்டிய தோல். அசையாத கடின நீரில் இந்தத் தோல் உள்ளே இருப்பதைப் பாதுகாத்துக் கரைவதைத் தடுக்கும். டென்மார்க்கில் மண்ணில் விழுந்த துப்பாக்கி ரவைகளை ஆராய்ந்தவர்கள், முழுதும் சிதைய 100 முதல் 300 ஆண்டு ஆகும் என்று 1987இல் கணக்குச் சொன்னார்கள்.

ஆனால் நீங்கள் நிற்கிற இடம் அசையாத தண்ணீர் இல்லையே. கடலலை மணலைப் புரட்டிப் புரட்டி அந்தத் தோலை உரித்துக்கொண்டே இருக்கும், உள்ளிருந்து புது ஈயம் வெளியே தெரியும், அதன் மேல் மறுபடி தோல் கட்டும், மறுபடி உரியும். உப்பு நீரில் இருக்கிற குளோரைடு, ஈயத்தைப் பிடித்துக் கரைசலுக்குள் இழுக்கும். கழிமுகம் ஈயத்துக்கு ஓர் அரைவை இயந்திரம் மாதிரி.

கொஞ்சம் மேலே, ஊருக்குள் இருக்கிற ஆற்றில் கதை வேறு. அங்கே அடியில் இருப்பது கறுப்புச் சேறு, காலை வைத்தால் அழுகின முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றத்துக்குக் காரணமான கந்தகம், ஈயத்தைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஈய சல்பைடு தண்ணீரில் எளிதில் கரையாது. அப்படியானால் சேறு நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். சேறு கலங்காமல் கிடக்கும்வரை சரி. தூர்வாரும்போதோ முகத்துவாரத்து மணலை அள்ளும்போதோ வெள்ளம் வரும்போதோ அந்தச் சேறு மேலே வந்து காற்று படும், பிடித்த ஈயத்தில் ஒரு பங்கை விட்டுவிடும். 2015 டிசம்பரில் அடையாறு தன் அடிச்சேற்றை எங்கெல்லாம் கொண்டுபோய்ப் போட்டது என்று சைதாப்பேட்டைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கிற ஆற்றில் என் நாலு குண்டா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இந்த ஆற்றுக்கு வந்த கேட்டில் பெரும்பங்கு தூண்டில்காரர்களால் வந்தது இல்லை, அதை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது. ஆனால் சாக்கடைக்கும் ஈயத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சாக்கடையைக் கிருமிகள் தின்று தீர்க்கும், கலப்பதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் ஆறு தானே தெளியும். ஈயம் ஒரு தனிமம், அதைத் தின்று தீர்க்க எந்த உயிரும் கிடையாது. என்றைக்காவது இந்த ஆற்றுக்கு விடிவு காலம் வந்து, கழிவெல்லாம் நின்று, தண்ணீர் தெளிந்தாலும் உங்கள் குண்டு அங்கேதான் கிடக்கும். தூண்டில்காரர்கள் இடம் மாற மாட்டார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. மீன் கடிக்கிற கல்லுப் பக்கம்தான் எல்லாரும் நிற்பார்கள், அங்கேதான் குண்டும் அறுகும். அதனால் ஈயம் ஆறு முழுக்கப் பரவாமல் அந்தச் சில கெஜத்திலேயே சேர்கிறது.

இருந்தாலும், கரைந்த ஈயம் எனக்கு இரண்டாவது கவலைதான். முதல் கவலை, கரையாமல் அப்படியே கிடக்கிற குண்டு. அந்தப் பெண் பறவை பார்க்க வந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கறிக்கடையில் நாட்டுக்கோழி அறுக்கும்போது நின்று பார்த்திருப்பீர்கள். உருண்டையாக, கெட்டித் தசையாக ஒரு பை வரும். கடைக்காரர் அதை ஒரு கீறுக் கீறி விரித்து, உள்ளே இருக்கிற மஞ்சள் தோலை உரித்து எறிவார். விரித்த அந்த நொடியில் பார்த்தால் அதற்குள் தானியமும் சிறு சிறு கற்களும் இருக்கும். கோழிக்குப் பல் இல்லை. அந்தக் கல்தான் பல். பொறுக்கித் தின்ற கல்லை அந்த அரைவைப் பையில் வைத்துக்கொண்டு, பை சுருங்கி விரிந்து தானியத்தை மாவாக்கும். வாத்தும் நாமக்கோழியும் தாழைக்கோழியும் இதையேதான் செய்கின்றன. ஆற்றின் அடியில் அலகை விட்டுத் துழாவி, தோதான அளவுக் கல்லைத் தேடி விழுங்கும். பட்டாணி அளவில் உருண்டையாக, வழவழவென்று ஓர் ஈயக்குண்டு கிடந்தால் அதைவிட நல்ல கல் அதற்குக் கிடைக்குமா?

உள்ளே போன பிறகு நடப்பதுதான் கொடுமை. ஆற்றடியில் நூறு வருடம் கிடக்கக்கூடிய குண்டை, அரைவைப் பையில் கல் தேய்க்கும், வயிற்று அமிலம் கரைக்கும். ஈயம் நாள்கணக்கில் இரத்தத்தில் ஏறிவிடும். நரம்பு தளர்ந்து, பையின் தசையே செயலிழந்து, தின்றது கீழே இறங்காமல் அப்படியே நிற்கும். வயிறு நிறைந்த நிலையிலேயே அந்தப் பறவை பட்டினியால் இளைக்கும். கழுத்தைத் தூக்க முடியாது, சிறகு தொங்கிப்போகும், எச்சம் பச்சையாகும். இரண்டு மூன்று வாரத்தில் கோரைக்குள்ளே போய் ஒதுங்கிச் சாகும். அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. பருந்து அதைக் கண்டுபிடித்துத் தின்றால் ஈயம் அதற்கும் போகும்.

இங்கிலாந்தில் இதைக் கண்ணால் பார்த்தார்கள், ஏனென்றால் அங்கே செத்தது அன்னம். தேம்ஸ் நதியில் பெரிய வெள்ளைப் பறவைகள் கழுத்து மடங்கி மிதந்தால் ஊருக்கே தெரியாமல் போகுமா? அறுத்துப் பார்த்தபோது அரைவைப் பையில் தூண்டில்காரர்களின் ஈயக்குண்டுகள். 1987 ஜனவரியிலிருந்து 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈயக்குண்டுகளுக்கு அங்கே தடை வந்தது. அதற்குப் பிறகு அன்னங்கள் தேறின. தேம்ஸில் அவற்றின் எண்ணிக்கை மறுபடி ஏறியது. அந்த எடை வரம்பைக் கவனியுங்கள். பெரிய குண்டைப் பறவை விழுங்காது, சின்னதுதான் எமன். உங்கள் இருபத்தைந்து கிராம் குண்டும் அந்த வரம்புக்குள்தான் வருகிறது. ஆனால் உங்கள் மகன் கடித்து இறுக்குகிற பொடிக் குண்டுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, அவனுக்கும் சரி, வாத்துக்கும் சரி.

அமெரிக்காவின் வடகிழக்கில் லூன் என்று ஒரு முக்குளிக்கும் பறவை உண்டு. அது மீன் தின்கிற பறவை. நரம்பு அறுத்துக்கொண்டு ஓடிய மீன், வாயில் முள்ளும் குண்டுமாகச் சோர்ந்து நீந்தும், அதைத்தான் லூன் எளிதில் பிடிக்கும். ஒரே ஒரு சிறு குண்டு ஒரு லூனைக் கொன்றுவிடும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் அதற்காகவே 2000இல் ஏரிகளிலும் குளங்களிலும் சிறு ஈயக்குண்டுக்குத் தடை கொண்டுவந்தது. கனடா அதற்கு முன்பே, 1997இல், தேசியப் பூங்காக்களில் நிறுத்திவிட்டது. டென்மார்க் இறக்குமதியையும் விற்பனையையுமே தடுத்தது.

நம் கழிமுகத்தில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீன் தின்கின்றன, புள்ளிமூக்கு வாத்து அடியில் துழாவுகிறது. கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கரணைக்குப் பனிக்காலத்தில் ஊசிவால் வாத்து வருகிறது, ஆசியாவின் வடகோடியிலிருந்து இமயத்தைத் தாண்டி. அடிச்சேற்றைக் கிளறிக் கல் பொறுக்குவதில் அது கெட்டி, அதனாலேயே ஐரோப்பாவின் சதுப்புகளில் ஈய ரவையை அதிகம் விழுங்குகிற வாத்துகளில் அதுவும் ஒன்று. பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அந்தச் சதுப்போரத்திலும் யாராவது தூண்டில் போட்டால் இந்தச் செய்தியைச் சொல்லிவிடுங்கள், அதற்காகவே இதை இவ்வளவு விரித்தேன்.

மீன் சாப்பிடலாமா? ஈயத்தைப் பொறுத்தவரை பதில் நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை. பாதரசம் மாதிரி ஈயம் பெரிய மீனின் சதையில் ஏறிக்கொண்டே போவதில்லை. ஈரல், எலும்பு, செவுள் இவற்றில்தான் தங்கும். முட்டுக்காட்டில் பிடித்த கொடுவாயையோ மடவையையோ குடலும் தலையும் நீக்கிக் குழம்பு வையுங்கள். முள்ளோடு மென்று தின்கிற பொடி மீனும், தண்ணீரை வடிகட்டித் தின்கிற மட்டி, ஆளி வகைகளும் உலோகத்தைச் சேர்த்துக்கொள்ளும், அவற்றைக் குழந்தைகளுக்குத் தவிர்க்கலாம். அடையாற்றில் ஊருக்குள் பிடிக்கிற ஜிலேபிக் கெண்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதற்கு உங்கள் குண்டு காரணம் இல்லை, அந்தத் தண்ணீரில் என்னவெல்லாம் கலக்கிறது என்பது காரணம்.

இனி குண்டுக்கு என்ன செய்வது? புதுப்பேட்டையிலோ உங்கள் பக்கத்து ஹார்டுவேர் கடையிலோ சாதா இரும்பு நட்டு எடைக்குக் கிடைக்கும். 12 எம்.எம். நட்டு ஒன்று சுமார் 17 கிராம், 16 எம்.எம். என்றால் முப்பதைத் தாண்டும். ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, ஆறு பக்கம் இருப்பதால் உருண்டு ஓடாது. இரும்பு ஈயத்தைவிட லேசு, அதே எடைக்கு ஒன்றரை மடங்கு பருமன் வரும், இழுப்பு அதிகமான இடத்தில் ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள். அறுந்தால் துருப்பிடித்து ஆற்று மண்ணோடு மண்ணாகும். வெள்ளையாகப் பளபளக்கிற முலாம் பூசின நட்டு வேண்டாம், அது துத்தநாகம், பறவை வயிற்றுக்கு அதுவும் நஞ்சு. மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட ஸ்பார்க் பிளக்கைக் கட்டுகிறவர்களும் உண்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் போடுவதால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. பொடிக் குண்டுக்குப் பதிலாக வெள்ளீயத்தில் செய்ததே வெளிநாடுகளில் விற்கிறார்கள், அம்மாவின் சொம்பு உலோகம்தான். டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனமானது, விலைதான் கையைக் கடிக்கும்.

வலை வைத்துப் பிழைக்கிற கடலோரக் குப்பத்துக்காரர்களைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்லவில்லை. வலையின் விளிம்பில் கோத்த ஈயம் வலையோடு வீட்டுக்குத் திரும்பிவிடும். அவர்களிடம் பேச வேண்டியது உருக்குவதையும் கடிப்பதையும் பற்றி மட்டும்.

வீட்டில் மிச்சம் இருக்கிற ஈயத்தைக் காயலான் கடையில் போடாதீர்கள், இன்னொரு வீட்டுப் புறக்கடையில் உருகும். மூடி போட்ட டப்பாவில் வைத்து, பழைய பேட்டரி திரும்ப வாங்குகிற கடையில் கேளுங்கள். துடைத்த துணியையும் கரண்டியையும் தனிப்பையில் கட்டி, வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் கொடுங்கள்.

கல்லில் சிக்குகிற இடத்துக்கு இன்னொரு வழி, இதில் குண்டே வாங்க வேண்டாம். கைக்கு அடங்குகிற கூழாங்கல்லை மெல்லிய பருத்தி நூலால் கட்டி, அந்த நூலை நரம்பின் நுனியில் கட்டுங்கள், முள் அதற்கு மேலே தனியாக இருக்கட்டும். கல் சிக்கினால் இழுத்த இழுப்பில் நூல்தான் அறும். முள்ளும் நரம்பும் உங்கள் கைக்கு வந்துவிடும். ஆற்றில் விடுவது ஒரு கல்லும் ஒரு முழம் பருத்தி நூலும் மட்டும். பறவை காலில் சுற்றிக்கொள்கிற நைலான் நரம்பும் அங்கே மிஞ்சாது. இந்தக் கட்டை மகனே போடலாம், பல் தேவைப்படாது. நூலின் தடிமனைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீரில் நனைத்து இழுத்துப் பாருங்கள், ஈரமான பருத்தி நூல் காய்ந்ததைவிட வலுவாக இருக்கும்.